சிவப்பைக் காணாத சுருள்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில், காரை வீடானாலும் மச்சு வீடானாலும், நிலைவாசலுக்கு மேலே சற்றே முன்சாய்ந்தாற்போல் மாட்டியிருக்கும் கண்ணாடிச் சட்டங்களின் வரிசையில், சுவாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் நடுவே, உடுப்போடும் பூட்ஸோடும் விறைத்து நிற்கும் ஒருவரின் படம் இருக்குமேயானால், அந்த வீட்டுக்குப் ‘பட்டாளத்தார் வீடு’ என்ற பெயர், அவர் காலமாகி இரண்டு தலைமுறை கடந்த பின்னும் அழியாமல் வழங்குவதைக் காணலாம். ‘ஜெர்மன் சண்டைக்குப் போனவர்’, ‘பர்மாவில் இருந்தவர்’ என்ற ஒரு வரிக்கு மேல் அவருடைய யுத்த சரித்திரம் வீட்டாருக்குத் தெரிந்திருப்பது அபூர்வம். அந்தச் சரித்திரத்தின் மிச்சமெல்லாம் படத்திலேயே, அதிலும் அவர் தலையிலுள்ள இரும்புத் தொப்பியின் பக்கவாட்டில், ஒரு நெல் அகலத்துக்கு மேற்படாத சிறு கட்டமாகவோ வட்டமாகவோ ஒடுங்கிக் கிடக்கும். அது என்ன அடையாளம் என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது ஒருவர் ரெஜிமெண்டு முத்திரை என்பார். ஒருவர் துருப்பிடித்த இடம் என்பார். மூன்றாமவர், கறுப்பாயிருப்பதால் துக்கக் குறியாயிருக்கும் என்று முடித்துவிடுவார்.

இந்த மூன்று அபிப்பிராயங்களில் எது சரி என்பதைக் காட்டிலும் சுவாரசியமான விஷயம் ஒன்றுண்டு. படத்தில் கறுப்பாய்த் தெரிவது தொப்பியிலும் கறுப்பாய் இருந்ததா என்பதே அது.

எண் எழுதாத அடையாளம்

கவிழ்த்த தாம்பாளம் போன்ற அந்தத் தொப்பியின் வடிவத்துக்கு 1915-ல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ஜான் லியோபோல்ட் பிராடி என்பவர். மேலிருந்து சிதறும் குண்டுத் துண்டுகளிலிருந்து தலையையும் தோளையும் காப்பதற்காக ஒரே எஃகுத் தகட்டை அழுத்திச் செய்த அது, சில மாற்றங்களோடு இரண்டு உலக யுத்தங்களிலும் பிரிட்டிஷ் படைகளுக்கும் இந்தியப் படைகளுக்கும் பொதுவாக இருந்தது. வெயிலில் பளபளத்து எதிரிக்கு இடங்காட்டிவிடாதபடி அதன் மேல்பூச்சில் மணலையோ மரத்தூளையோ கலந்து சொரசொரப்பாக்குவது வழக்கம். இந்தச் சொரசொரப்பு நமக்குப் பின்னால் பயன்படப்போகிறது.

பல்லாயிரம் பேர் கொண்ட ஒரு பெரும் படைப்பிரிவைப் பட்டாளத்தில் ‘டிவிஷன்’ என்பார்கள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அந்த எண்ணைச் சட்டையிலோ வண்டியிலோ எழுதிவைத்தால், எந்தப் படை எங்கே நகர்ந்திருக்கிறது என்று எதிரியின் ஒற்றன் கணக்கெடுத்துவிடுவான் என்பதால், எண்ணுக்குப் பதிலாக ஒரு சித்திரத்தை வைத்தார்கள். இதைப் படைச்சின்னம் என்று வழங்குவோம். நாலாவது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, ஏழாவதற்குப் பொன்னம்பு, இருபத்துமூன்றாவதற்குச் சண்டைச் சேவல். பெரும்பாலும் சட்டையின் கையிலும் வாகனங்களிலும் இடம்பெற்ற இச்சின்னங்கள் சிற்சில பிரிவுகளில் இரும்புத் தொப்பிக்கும் ஏறின. முதல் யுத்தத்திலும் பிரிட்டிஷ் படையினர் தொப்பிகளில் வர்ணக் கட்டங்களையும் முக்கோணங்களையும் தீட்டிக்கொண்டதுண்டு. ஆக, எதிரிக்குப் புரியக்கூடாது என்றே உண்டாக்கப்பட்ட ஓர் அடையாளம், எண்பது ஆண்டுகள் கழித்துச் சொந்தப் பேரனுக்கும் புரியாமற்போவதில் வியப்பில்லை.

சின்னங்களைப் பற்றிய அட்டவணைகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. ஆனால் அவை வர்ணத்தில் இருக்கின்றன. நம் படமோ கறுப்பு வெளுப்பு. வர்ணத்துக்கும் சாம்பல் நிறத்துக்கும் இடையே உள்ள பாலத்தைக் கட்டத் தெரியாதவன் அந்த அட்டவணையைப் புரட்டிப் பயனில்லை.

வெள்ளியின் கண்

பழைய புகைப்படச் சுருளின் மேற்பூச்சு, வெள்ளியும் புரோமினும் சேர்ந்த வெள்ளி புரோமைடு என்ற உப்பின் நுண்ணிய மணிகளை ஜெலட்டின் பசையில் கலந்து தடவியது. வெளிச்சம் பட்ட மணிகள் பிற்பாடு ரசாயன நீரில் கறுத்து வெள்ளித் துகளாகின்றன. படாத மணிகள் கரைந்து போகின்றன. இவ்வளவும் பலர் அறிந்ததே. எல்லா வெளிச்சமும் அந்த மணிக்கு ஒன்றல்ல என்பதுதான் அவ்வளவாக அறியப்படாதது.

ஒளி இடைவிடாமல் ஒழுகும் நீர்த்தாரை போலத் தோன்றினாலும், உண்மையில் அது சிறுசிறு பொட்டலங்களாகவே வந்து சேருகிறது. நீல ஒளியின் ஒவ்வொரு பொட்டலத்திலும் சக்தி அதிகம். பச்சையில் அதனினும் குறைவு. சிவப்பில் மிகக் குறைவு. வெள்ளி உப்பின் மணிக்குள்ளிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பெயர்த்தெடுக்க ஒரு குறிப்பிட்ட அளவு சக்தியை ஒரே பொட்டலம் கொண்டுவந்தாக வேண்டும். சிவப்புப் பொட்டலங்கள் ஆயிரமாயிரம் வந்து மோதினாலும் தனித்தனியே ஒவ்வொன்றும் அந்த அளவுக்கு எட்டாதாகையால், மணி அசையாமல் இருந்துவிடுகிறது. ஆகவே இயற்கையான வெள்ளி உப்புக்கு நீலமே வெளிச்சம். சிவப்பு அதற்கு இருட்டு.

1873-ல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், சில சாயங்களை அந்தப் பூச்சில் சேர்த்தால் அவை பச்சை ஒளியை வாங்கி மணிகளுக்குக் கைமாற்றிக் கொடுக்கின்றன என்று கண்டுபிடித்தார். இந்த வழியில் பிறந்த ஆர்தோகுரோமாட்டிக் சுருள், நீலத்தோடு பச்சையையும் கண்டது, சிவப்பைக் காணவில்லை. இதைச் செங்குருட்டுச் சுருள் என்று இந்த அத்தியாயத்தில் சொல்வோம். சிவப்பையும் காணக்கூடிய பாங்குரோமாட்டிக் வகையை, அதாவது முழுநிறச் சுருளை, 1906-ல் இங்கிலாந்தில் ராட்டன் அண்டு வெயின்ரைட் கம்பெனி கண்ணாடித் தகடாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நல்லது வந்த பின்பு பழையது ஒழிந்திருக்க வேண்டுமே என்று தோன்றும், ஒழியவில்லை. செங்குருட்டுச் சுருளைச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். முழுநிறச் சுருளைக் கும்மிருட்டில் கடிகாரத்தை நம்பிக் கழுவ வேண்டும். கோடாக் கம்பெனி சாமானியருக்காக 1931-ல் வெளியிட்ட வெரிகுரோம் சுருள் செங்குருடுதான். அதே பெயரில் முழுநிறச் சுருள் வந்தது 1956-ல். ஆகவே யுத்த காலத்தில் சர்க்கார் புகைப்படக்காரர் முழுநிறச் சுருளில் எடுத்த படத்திலும், அதே தினம் அதே சிப்பாயை ஒரு நண்பர் தம் சின்னக் காமிராவில் எடுத்த படத்திலும், ஒரே தொப்பியின் ஒரே சின்னம் இரு வேறு சின்னங்களாகத் தோன்றக்கூடும்.

தீப்பெட்டி லேபிளில் ஒரு பரீட்சை

இதைக் கோவில்பட்டிக்காரர்கள் வீட்டிலிருந்தபடியே பிரத்தியட்சமாகக் காணலாம். சிவப்பு மசி தாராளமாய்ப் பூசிய தீப்பெட்டி லேபிள்களுக்கு இந்தச் சீமையில் பஞ்சமில்லை. கறுப்புத் தரையில் சிவப்பு உருவம் அச்சிட்ட ஒரு லேபிளைத் தேர்ந்துகொண்டு, நீலமும் பச்சையும் கலந்த சாயலுள்ள கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கண்ணுக்கு முன்னே பிடித்துப் பார்த்தால், உருவம் தரையோடு தரையாக மறைந்து, லேபிள் முழுவதும் ஒரே கறுப்பாகிவிடும். அதே லேபிளில் மஞ்சளில் அச்சிட்ட எழுத்துகள் மங்கலாகத் தெரியும். வெள்ளையும் வெளிர்நீலமும் பிரகாசமாயிருக்கும். செங்குருட்டுச் சுருள் உலகத்தைப் பார்த்தது ஏறக்குறைய இவ்விதமே. அந்தக் காலத்துப் படங்களில் வெற்றிலை போட்ட உதடுகள் மசி பூசியவைபோல் இருப்பதும், குங்குமப் பொட்டு கரும்பொட்டாவதும், கோயில் மதிலின் காவிப் பட்டைகள் கரிப்பட்டைகளாவதும், வானம் மேகமேயின்றி வெளுத்துக்கிடப்பதும் இக்காரணத்தாலேயே.

யுத்தப் படங்களை ஆராய்பவர்களைத் தடுமாறச் செய்யும் முதல் விஷயமும் இதுவே. வெள்ளை வட்டத்துக்குள் கறுப்புச் சிலுவை தீட்டிய தொப்பியைக் கண்டு, இது ஏதோ ஜெர்மானிய முத்திரை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அது காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் வைத்திய உதவியாளரின் செஞ்சிலுவையாக இருக்கும்.

ஒரு படத்தை விசாரித்தல்

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பத்திலிருந்து நடத்திப் பார்ப்போம். இது எந்த வீட்டுச் சுவரிலும் தொங்கும் படமன்று. இத்தகைய படங்களில் காணக்கூடிய அம்சங்களைச் சேர்த்து விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது.

மூங்கில் தட்டி வேய்ந்த ஒரு குடிலுக்கு முன்னால் எட்டுப் பேர். பின்வரிசையில் நால்வர் தாம்பாளத் தொப்பியோடு நிற்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நால்வருள் ஒரு ஹவில்தார் மட்டும், ஒரு பக்க விளிம்பை மடித்துவிட்ட அகலக் கம்பளித் தொப்பி அணிந்து, சட்டையில் ஒரே ஒரு பதக்கப் பட்டையைக் குத்தியிருக்கிறார். நின்றிருப்பவர்களின் தொப்பிப் பக்கவாட்டிலும் சட்டைக் கையிலும் ஒரே மாதிரியான கறுப்புச் சதுரம். சதுரத்துக்குள் ஒன்றுமில்லை.

அனுபவமில்லாதவர் கண் உடனே சதுரத்துக்குப் போகும். தேர்ந்தவர் கண் பதக்கப் பட்டைக்குப் போகும். ஏனெனில் நிறம் தெரியாத பொருளை நிர்ணயிக்கும் முன்பு, நிறம் தெரிந்த ஒரு பொருளைச் சுருள் எப்படிக் கண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பொருளைச் சாட்சி நிறம் என்போம்.

பட்டையில் சம அகலமுள்ள மூன்று கோடுகள் இருக்கின்றன. பார்ப்பவருக்கு இடப்புறமிருப்பது சாம்பல். நடுக்கோடு ஏறத்தாழக் கறுப்பு. வலப்புறமிருப்பது ஏறத்தாழ வெள்ளை. இரண்டாம் யுத்தத்துப் பதக்கங்களில் இவ்விதம் மூன்று சமகோடுகள் உள்ளது 1939–45 நட்சத்திரம்: கருநீலம் கடற்படைக்கு, சிவப்பு தரைப்படைக்கு, வெளிர்நீலம் ஆகாயப் படைக்கு. முழுநிறச் சுருளாயிருந்தால் நடுவிலுள்ள சிவப்பு, கருநீலத்தைவிட வெளுத்துத் தெரிய வேண்டும். இங்கே அதுதான் மூன்றிலும் கறுத்திருக்கிறது. ஆகவே இந்தச் சுருள் சிவப்பைக் காணவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமின்றி ருசுவாகிறது.

அதே பட்டை கேளாமலே இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. அந்த நட்சத்திரம் ஏற்படுத்தப்பட்டது 1943 ஜூலையில். ஆகையால் படம் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. பதக்கப் பட்டை மார்பின் இடப்பக்கத்தில், கருநீலக் கோடு இடத்தோளுக்கு மிகத் தொலைவில் இருக்கும்படி குத்தப்பட வேண்டும் என்பது விதி. படத்தில் அப்படியே இருக்கிறது. ஆகையால் நெகட்டிவைத் திருப்பிவைத்து அச்சிட்ட படமன்று இது. இடது வலது மாறிய படங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அவற்றில் அம்பு எதிர்த்திசையில் பாயும், வாள் வேறு கைக்குப் போய்விடும். ஒரு விரல் அகலத் துணி மூன்று வாக்குமூலம் கொடுத்துவிட்டது.

மூங்கில் குடிலும் கம்பளித் தொப்பியும், 1943-க்குப் பிந்திய காலமும் சேர்ந்து பர்மா யுத்தகளத்தைச் சுட்டுகின்றன. நாலாவது, எட்டாவது, பத்தாவது இந்திய டிவிஷன்கள் அப்போது இத்தாலிப் பக்கம் இருந்தமையால் அவற்றை ஒதுக்கிவிடலாம். இனி, பர்மாப் பக்கம் இருந்த டிவிஷன்கள் சிலவற்றின் சின்னங்களை, ஒவ்வொன்றாகச் செங்குருட்டுச் சுருளின் கண்கொண்டு பார்க்க வேண்டும்.

ஏழாவதன் சின்னம் கறுப்பில் பொன்னிற அம்பு. மஞ்சளில் பச்சை ஒளியும் அடங்கியிருப்பதால் அம்பு சாம்பலாகவாவது தெரிந்திருக்கும். பத்தொன்பதாவது, சிவப்பில் மஞ்சள் கை ஏந்திய கட்டாரி. தரை கறுத்தாலும் கை தெரியும். இருபதாவது, கறுப்பில் வெள்ளை வாள் பிடித்த கை. அதைவிடப் பளிச்சென்று தெரியக்கூடியது ஒன்றுமில்லை. இருபத்துமூன்றாவதன் சேவல் சிவப்பு, வட்டம் மஞ்சள். சாம்பல் வட்டத்தில் கருஞ்சேவல் நிற்கும். இருபத்தைந்தாவது, பச்சையில் கறுப்பு இஸ்பேடு. பச்சையை இந்தச் சுருள் காணும். எஞ்சியிருப்பது ஐந்தாவது: கறுப்புச் சதுரத்தில் சிவப்பு வட்டம். சிவப்பும் கறுப்பும் இந்தச் சுருளுக்கு ஒன்றே. நாம் எடுத்துக்கொண்ட இந்தச் சின்னங்களுக்குள், செங்குருட்டுச் சுருளில் அடியோடு மறைந்துபோகக்கூடியது இந்த ஒன்றுதான்.

இங்கே ஆனந்தப்பட்டு எழுந்துவிடலாகாது. மறைந்துபோன வட்டமும், முதலிலிருந்தே இல்லாத வட்டமும் படத்தில் ஒன்றாகவே இருக்கும். வெறும் கறுப்புச் சதுரத்தையே அடையாளமாகக் கொண்ட ஏதேனும் ஒரு சிறு பிரிவாகவும் இவர்கள் இருக்கலாம். இன்மையிலிருந்து ஒன்றை அனுமானிக்கும்போது வேறொரு சாட்சியமும் துணைக்கு வேண்டும்.

அதைக் கொடுப்பது முன்பு சொன்ன சொரசொரப்பு. மணல் கலந்த மேல்பூச்சு வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். அதன்மேல் தூரிகையால் தீட்டிய எனாமல் வர்ணமோ வழுவழுப்பானது, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கண்ணாடிபோல் வெயிலைத் திருப்பி அனுப்பும். அவ்வாறு பளபளக்கும் வெளிச்சத்துக்கு வர்ணத்தின் சிவப்பு கிடையாது. அது வெயிலின் வெள்ளையே. ஆகவே செங்குருட்டுச் சுருளும் அதைக் காணும். நால்வரும் தலையைச் சற்றுச் சற்று வேறு கோணங்களில் வைத்திருக்கிறார்களல்லவா? மூன்றாமவரின் தொப்பியில் மட்டும், கறுப்புச் சதுரத்துக்குள் மயிரிழைபோன்ற ஒரு வெண்பிறை தெரிகிறது. கட்டத்தின் விளிம்பு நேர்கோடு. இந்தக் கீற்றோ வளைந்தது. வளைவைப் பூர்த்திசெய்தால் சதுரத்துக்குள் அடங்கும் ஒரு வட்டமாகிறது. இனி, ‘இவர்கள் பெரும்பாலும் ஐந்தாவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தவர்கள்’ என்று எழுதலாம். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நீக்குவதற்கு இன்னொரு படமோ ஒரு தஸ்தாவேஜோ கிடைக்க வேண்டும்.

அந்த டிவிஷன் 1941-ல் எரித்திரியாவில் கெரன் மலைகளில் இத்தாலியரோடு பொருதியது. 1944 மார்ச்சில் அரக்கான் களத்திலிருந்து விமானங்களில் ஏற்றப்பட்டு இம்பால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. 1945 செப்டம்பரில் சிங்கப்பூரில் இறங்கியது. துக்கக் குறி என்று நினைத்திருந்த கட்டத்துக்குள் இவ்வளவு பூகோளம் இருந்திருக்கிறது.

எவ்வளவு சிறியது தெரியும்

உருப்பெருக்கிக்கும் ஓர் எல்லையுண்டு. நால்வர் நிற்கும் மூன்று மீட்டர் அகலம் ஒன்பது சென்டிமீட்டர் சுருளில் அடங்கியிருக்குமானால், எல்லாம் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர்ச் சதுரம் ஒன்றரை மில்லிமீட்டராகிறது. பதக்கப் பட்டையின் ஒவ்வொரு கோடும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பது கோடுகளைப் பிரித்துக்காட்டும் லென்ஸாயிருந்தால், தொப்பியின் மேல் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த எதுவும் படத்தில் பதியவே பதியாது. மலிவான பெட்டிக் காமிராவில் இதுவும் கிட்டாது. பதியாததை எந்த யந்திரமும் பிற்பாடு வரவழைக்க முடியாது.

வீடுகளில் இருக்கும் அக்காலத்துச் சிறு படங்கள் பெரும்பாலும் நெகட்டிவை நேரே காகிதத்தின் மேல் வைத்து அச்சிட்டவையாதலால், கையளவேயிருந்தாலும் பதிந்த அவ்வளவு நுணுக்கமும் அவற்றில் இருக்கும். அந்தச் சிறு படத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, அதைப் பார்த்து மறுபடம் எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டதைச் சுவரில் மாட்டுவது நம் வழக்கம். ஆராய வேண்டியது பெட்டியில் கிடப்பதை. அதை ஸ்கேனரில் உயர்ந்த அளவில் பதிவுசெய்து, கறுப்புப் பகுதியின் வேற்றுமைகளை மட்டும் விரித்துப் பார்க்கலாம். வெண்பிறைகள் வெளிப்படுவது அப்போதுதான்.

நம்பத் தகாத சாட்சிகள்

ஸ்டூடியோவில் நீர்வர்ணம் தீட்டிய படங்களின் நிறத்தை ஆதாரமாகக் கொள்ளலாகாது. சிப்பாயின் சட்டைக்குப் பச்சையும் கன்னத்துக்கு ரோஜாவும் பூசியவர் தொப்பிச் சின்னத்தை நேரில் கண்டவரல்லர். இப்போது ஒரு நொடியில் வர்ணமூட்டிக் கொடுக்கும் செயலிகள் வந்திருக்கின்றன. ஸ்டூடியோக்காரராவது ‘என்ன நிறம் போடட்டும்?’ என்று வீட்டாரைக் கேட்கக்கூடியவர், செயலி அதையும் கேட்பதில்லை. கறுத்த சதுரத்தை அது கறுப்பென்றே கொண்டு, மிகுந்த தன்னம்பிக்கையோடு கறுப்பே பூசும்.

தொப்பி இருப்பதாலேயே அணிந்தவர் போர்முனைக்குப் போனார் என்பதும் நிச்சயமில்லை. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து, சென்னைப் பட்டணமே பாதி காலியான நாட்களில், ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் தற்காப்புப் படையில் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் சேர்ந்திருந்தார்கள். பிரிட்டனில் அப்படையின் வார்டன்கள் தொப்பியில் ‘டபிள்யூ’ என்ற ஆங்கில எழுத்தைத் தீட்டிக்கொண்டார்கள். எழுத்துத் தாங்கிய தொப்பியைக் கண்டால் முதலில் ஊர்க்காவலை நினைக்க வேண்டும், பிறகுதான் ரெஜிமெண்டை. முதல் யுத்தத்து அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் 1918 நவம்பரில் சண்டை ஓய்ந்த பின்பு, கப்பலுக்குக் காத்திருந்த மாதங்களில், பொழுதுபோக்காகவும் ஞாபகார்த்தமாகவும் தொப்பியில் டிவிஷன் சின்னத்தை வரைந்துகொண்டதும் உண்டு; அச்சின்னங்கள் ஒரு குண்டையும் எதிர்கொண்டவையல்ல.

உருவம் தெளிவாகத் தெரிந்தாலும் ஏமாறலாம். இருபத்தாறாவது இந்திய டிவிஷனின் சின்னம் முக்கோணத்தினூடே வெளிவரும் வங்கப் புலி. அதே பர்மாக் களத்தில் எதிர்ப்பக்கம் நின்ற, மலாயாத் தமிழர்கள் ஏராளமாய்ச் சேர்ந்திருந்த இந்திய தேசிய ராணுவத்தின் சின்னமும் பாயும் புலிதான். சட்டைக் கையில் மங்கலாய்த் தெரியும் புலியை வைத்துத் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், முக்கோணம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பது நல்லது.

சின்னம் சொல்லாதது

டிவிஷன் இன்னதென்று தெரிந்த பிறகும், அவர் எந்த ரெஜிமெண்டில் சேர்ந்தார் என்பது தெரிந்துவிடுவதில்லை. ஒரே டிவிஷனுக்குள் பஞ்சாபிகளும் கூர்க்காக்களும் மராட்டியரும் ஆங்கிலேயரும் நம்மவரும் ஒரே சின்னத்தை அணிந்திருந்தார்கள். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில், கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து தம் சகாக்களைக் காப்பாற்றி உயிர்நீத்து, ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன், விக்டோரியா மகாராணி பெயர்கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸைச் சேர்ந்தவர். ஆனால் அவருடைய பதினோராவது கம்பெனி பணிபுரிந்ததோ சிவப்புக் கழுகின் கீழ். கழுகை மட்டும் பார்ப்பவர் அவரைப் பெங்களூரிலுள்ள அந்தச் சாப்பர்ஸ் பதிவேட்டில் தேட வேண்டும் என்று அறிய மாட்டார்.

அதற்குத் தோள்பட்டையின் பித்தளை எழுத்துகளையும், டிஸ்சார்ஜ் பத்திரத்தையும் தேட வேண்டும். முதல் யுத்தத்துக்குப் போனவரென்றால் வேலை இன்னும் சுலபம்: அக்காலத்து வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், சிப்பாயின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும்.